பீவர் தோல் காலத்துக் கூடாரம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

பீவர் என்ற நீர்நிலை விலங்கின் தோலைத் தேடி வட அமெரிக்கக் காடுகளிலும் ஆறுகளிலும் திரிந்தவர்களின் வாழ்க்கையை, அதே உடை, அதே பாத்திரம், அதே சாப்பாட்டோடு சில நாள் கூடாரம் அடித்து வாழ்ந்து பார்ப்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இம்முறை வந்த கடிதங்களில் தோல் பதனிடுவது பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் அதற்கே கூடுதல் இடம்.

முதல்முறையாக முகாமுக்குப் போகிறேன். "1840-க்கு முந்தைய பொருள் மட்டும்" என்கிறார்கள். ஏன் அந்த வருடம்? எதை முதலில் வாங்குவது?
- கால்கரி வாசகர்

ராக்கி மலையில் பொறி வைத்துப் பிழைத்தவர்களின் ஆண்டுச் சந்தை 1825-இல் கிரீன் நதியில் வந்து சேரும் ஹென்றிஸ் ஃபோர்க் கரையில் தொடங்கியது. கடைசிச் சந்தை 1840-இல். பீவரின் மென்முடியில் செய்த தொப்பியின் இடத்தைப் பட்டுத் தொப்பி பிடித்துவிட்டது, ஆறுகளில் பீவரும் அருகிவிட்டது. அதனால்தான் அந்த வருடத்தில் கோடு கிழிக்கிறார்கள். எல்லா இடத்திலும் இதே கோடு என்று நினைக்க வேண்டாம். தண்டர் பே நகரின் ஃபோர்ட் வில்லியம் வரலாற்றுப் பூங்கா 1816-ஐச் சித்திரிக்கிறது. அங்கே படகோட்டிகளான வோயாஜர்களின் உலகம். உடையும் சாப்பாடும் வேறு. போகும் இடத்தின் விதித்தாளைப் படித்துவிட்டுப் பணப்பையைத் திறங்கள்.

முதல் செலவு உடைக்கும் போர்வைக்கும். தளர்வான லினன் அல்லது பருத்திச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, இடுப்பில் கட்டக் கம்பளிக் கச்சை, குளிருக்குப் போர்வைத் துணியில் தைத்த கப்போட் அங்கி. ஜிப்பும் பாலியெஸ்டரும் காலத்துக்குப் பொருந்தாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நெருப்புப்பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், கம்பளி கருகி நின்றுவிடும். முழுக் கம்பளிப் போர்வை குறைந்தது இரண்டு வேண்டும். அவற்றில் தடித்ததைக் கீழே விரியுங்கள். இரவில் உடம்புச் சூட்டைத் திருடுவது பெரும்பாலும் தரைதான். கூடாரத்தை முதல் வருடம் யாரிடமாவது இரவல் கேளுங்கள். ஆப்புக் கூடாரம், சாய்ப்புப் பந்தல், கூம்பு வடிவ டீப்பீ மூன்றிலும் ஓரிரவு படுத்துப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு விற்க அலைகிறார்கள்.

மருந்து, மூக்குக்கண்ணாடி விஷயத்தில் வீம்பு வேண்டாம். ஐஸ் பெட்டியை மரப்பெட்டிக்குள்ளோ போர்வைக்கு அடியிலோ மறைத்து வைத்தால் பெரும்பாலான முகாம்களில் ஆட்சேபிப்பதில்லை.

மான் தோல் ஒன்றை மூளை தடவிப் பதனிட்டேன். நடுப்பகுதி துணி மாதிரி வந்தது. கழுத்தும் ஓரங்களும் விறைத்துக்கொண்டன. என்ன தவறு?
- எட்மன்டன் வாசகி

கழுத்து கெட்டதற்கு ஒரு காரணம், ஓரம் கெட்டதற்கு வேறொரு காரணம். கழுத்து தடித்த பகுதி: அங்கே மேல்படலம் முழுதாகச் சீவப்படவில்லை, அல்லது மூளைக் கரைசல் உள்ளே இறங்கவில்லை. ஓரம் மெல்லிய பகுதி: நீங்கள் நடுவை இழுத்துக்கொண்டிருந்தபோது அது தானாகக் காய்ந்துவிட்டது. இரண்டையும் சரிசெய்யலாம், தோல் வீணாகவில்லை.

முதலிலிருந்து பார்ப்போம். முடிக்கு அடியில் தோலின் மேற்பரப்பாக ஒரு படலம் இருக்கிறது. ஈரத்தில் அது மஞ்சளாக மினுமினுக்கும். சீவிய இடம் வெள்ளையாக, மினுமினுப்பின்றித் தெரியும். இந்தப் படலம் ஒரு விரலகலம் நின்றாலும் அந்த இடத்தில் கரைசல் ஏறாது, பிறகு எவ்வளவு இழுத்தாலும் மெதுவாகாது. அதை எளிதாகக் கழற்றத்தான் சாம்பல் ஊறல். கடினமரச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கிப் புது முட்டை ஒன்றை மிதக்க விடுங்கள். ஒரு சிறு நாணய அளவு ஓடு மேலே தெரிந்தால் பதம் சரி. மூழ்கினால் சாம்பல் போதாது. பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தால் காரம் அதிகம், தண்ணீர் சேருங்கள். பிளாஸ்டிக் அல்லது மரத்தொட்டி போதும். அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். தினம் ஒருமுறை கிளறிவிட்டு மூன்று நான்கு நாள் வையுங்கள். இரு விரலால் பிடித்து இழுத்தால் முடி எதிர்ப்பில்லாமல் கையோடு வர வேண்டும், தோல் உப்பிப் பருத்திருக்க வேண்டும்.

வயிற்றுயரத்தில் சாய்த்து வைத்த வழவழப்பான மரத்துண்டின் மேல் தோலைப் போட்டு, மழுங்கிய விளிம்புள்ள இரும்பால் கழுத்திலிருந்து வாலை நோக்கித் தள்ளிச் சீவுங்கள். கூர்மையான கத்தி வேண்டாம், ஓட்டை விழும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைக் கொஞ்சம் தொட்டே போகட்டும். பிறகு திருப்பிப் போட்டு உட்பக்கச் சவ்வை எடுங்கள்.

அடுத்தது அலசல். அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். காரம் மிச்சமிருந்தால் தோல் உப்பியே இருக்கும், கரைசல் நார்களுக்குள் நுழையாது. தண்ணீரை மாற்றி மாற்றி ஓரிரு நாள் ஊற விடுங்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் வினிகர் சேர்த்தால் வேகம் கூடும். வழுவழுப்பு நீங்கி, உப்பல் வடிந்து, தோல் பழையபடி மெலிந்து தொங்க வேண்டும்.

இனி மூளை. ஒரு தோலுக்குக் கால் கிலோ போதும். இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கட்டியின்றிக் கரையுங்கள். மணிக்கட்டு தாங்காத சூட்டைத் தோலும் தாங்காது, சுருண்டுவிடும். ஊறியதும் கம்பத்தில் சுற்றி, இரு முனையையும் சேர்த்து ஒரு தடியைச் செருகி முறுக்கிப் பிழியுங்கள். விரித்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி பிழியுங்கள்; மூன்று தடவை. பிழிவது ஈரம் எடுக்க மட்டுமல்ல: வெறும் நீர் வெளியேறிய இடத்தில் அடுத்த முறை கரைசல் ஏறுகிறது. உள்ளே இறங்கியதா என்று பார்க்க, கழுத்துப் பகுதியைப் பையாகக் குவித்து அதில் கொஞ்சம் கரைசலை ஊற்றி அழுத்துங்கள். மறுபுறம் துளித்துளியாகக் கசிந்தால் சரி. கசியாவிட்டால் அந்த இடத்தை மறுபடி சீவ வேண்டியிருக்கும்.

கடைசியில் இழுப்பு வேலை, நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஓரங்களில் தொடங்குங்கள், ஓரங்களுக்கே அடிக்கடி திரும்புங்கள். இறுகக் கட்டிய கம்பிக்கயிற்றில் முன்னும் பின்னும் உரசலாம், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கலாம். முடிந்ததா என்று கைக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். தோலைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் இடத்தில் ஈரம் பாக்கி. அங்கே நிறுத்தினால் மறுநாள் விறைப்பு. நடுவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். உங்கள் தோலுக்கு வழி: நனைத்து, கழுத்தில் படலம் நிற்கிறதா என்று பார்த்துச் சீவி, மறுபடி கரைசல் ஊட்டி, இம்முறை ஓரத்திலிருந்து தொடங்குவது.

புகை போடாமல் வெள்ளையாகவே விட்டால் அழகாக இருக்கிறதே. மொக்கசின் என்ற மென்தோல் காலணி தைக்க அது போதாதா?
- மினியாபொலிஸ் வாசகர்

போதாது. முதல் மழையில் நனைந்து காய்ந்ததும் விறைத்துவிடும். மூளையின் கொழுப்பு நார்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். புகையில் உள்ள ஆல்டிஹைடுகள்தான் நார்களை நிலையாகப் பிணைக்கின்றன. புகைபோட்ட தோல் நனைந்தாலும் உலர்ந்தபின் லேசாகக் கசக்கினால் மெதுவாகிவிடும்.

தோலை இரண்டாக மடித்துப் பை போலத் தைத்து, அடியில் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பாவாடை இணைத்து, தழல் உள்ள வாளியின் மேல் தொங்க விடுங்கள். தழலின் மேல் கையால் நொறுங்கும் உளுத்த மரத்தைக் கொட்டுங்கள். சுவாலை எழவே கூடாது, புகை மட்டும். பக்கத்துக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம். உட்பக்கப் பழுப்பு வெளிப்பக்கம் ஊறித் தெரிந்தால் திருப்பிப் போடுங்கள். வாளியை விட்டு எழுந்து போகாதீர்கள். வாரக்கணக்கான உழைப்பு ஒரே சுவாலையில் போய்விடும்.

மானின் மூளையைத் தொடவே பயமாக இருக்கிறது. ஏதோ நோய் என்கிறார்களே?
- சஸ்கட்டூன் வாசகி

உங்கள் பயம் நியாயம். மான் இனத்தைத் தாக்கும் நலிவு நோய், சிடபிள்யூடி, கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. ஆனாலும் அதற்குக் காரணமான பிரியான் புரதம் சமைக்கும் சூட்டில் அழியாது. மூளையிலும் தண்டுவடத்திலும் செறிந்திருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் எல்லை தாண்டி எடுத்துப் போகப் பல மாநிலங்கள் தடை விதித்துள்ளன. இறைச்சிக் கடையில் பன்றி மூளை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாமென்றால் ஒரு தோலுக்கு ஒரு டஜன் முட்டை மஞ்சள் கரு, ஒரு கரண்டி எண்ணெய், வெதுவெதுப்பான நீர். மூளையில் வேலை செய்யும் லெசித்தின் மஞ்சள் கருவிலும் உண்டு. காலத்துக்குப் பொருந்துமா என்று முகாமில் யாராவது கேட்டால், முடிந்த தோலில் வேறுபாட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கயோட்டி என்ற காட்டு நாயினத்தின் தோலை முடியோடு பதனிட்டேன். வயிற்றுப் பகுதியில் முடி கொத்துக்கொத்தாக வந்துவிட்டது.
- வின்னிபெக் வாசகர்

அது பதனிட்டபோது நடந்ததல்ல, அதற்கு முன்பே நடந்தது. உரித்த தோல் சூட்டோடு கிடந்தால் பாக்டீரியா முடியின் வேரைத் தளர்த்திவிடும்; வயிற்றில்தான் முதலில் தொடங்கும். திருப்ப வழியில்லை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் தொப்பிக்கோ பைக்கோ பயன்படுத்துங்கள். அடுத்த முறை உரித்த சில மணி நேரத்துக்குள் சதையையும் கொழுப்பையும் சீவி, தோலின் எடைக்குச் சமமாக உப்பைத் தேயுங்கள். மறுநாள் நீர் வடிந்ததும் அந்த உப்பை உதறிப் புது உப்பு.

பதனிடப் படிகாரம் போதும். 450 கிராம் படிகாரத்தை 3.8 லிட்டர் நீரில் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 1.9 லிட்டர் நீரில் 115 கிராம் சலவைச் சோடாவும் 225 கிராம் உப்பும். சோடா நீரைப் படிகார நீரில் மெல்ல மெல்ல, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். தடிமனைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து நாள் ஊறல், பிறகு அலசி, எண்ணெய் தடவி, இழுத்துக் காயவைக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறும். இந்தத் தோல் மழைக்கு ஆகாது.

வியாபாரத்துக்குப் போன பீவர் தோல்கள் பதனிடப்படவே இல்லை. வளையத்தில் விரித்துக் காயவைத்துக் கட்டினார்கள். பழங்குடியினர் ஓரிரு வருடம் உடுத்திய பீவர் அங்கிகளுக்குத் தொப்பித் தொழிலில் கூடுதல் மதிப்பு இருந்தது. உரசி உரசி நீள்முடி உதிர்ந்து, தொப்பிக்கு வேண்டிய மென்முடி மட்டும் மிஞ்சியிருக்கும் அல்லவா!

இறைச்சிப் பொடியில் கொழுப்பு கலந்து பிடிக்கும் பெம்மிக்கன் செய்தேன். மூன்று வாரத்தில் பூஞ்சை. வருடக்கணக்கில் கெடாது என்றார்களே?
- டென்வர் வாசகர்

கெடாமல் வைப்பது வறட்சி. உங்கள் உருண்டையில் எங்கோ தண்ணீர் இருந்திருக்கிறது. மூன்று இடத்தில் அது நுழையும்: அரைகுறையாகக் காய்ந்த இறைச்சி, சரியாக உருக்காத கொழுப்பு, ஈரமான பழம்.

கொழுப்பில்லாத மாட்டிறைச்சியோ எல்க் இறைச்சியோ நான்கு கிலோ எடுத்தால் காய்ந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். கண்ணில் படும் கொழுப்பையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அரை சென்டிமீட்டர் தடிமனில் அரிந்து, முதலில் அடுப்பில் 71 டிகிரி செல்சியஸ் உள்சூடு வரும்வரை வைத்து, பிறகு உலர்த்துங்கள். வளைந்தால் போதாது, மடித்தால் முறிய வேண்டும். இடித்துப் பொடியாக்குங்கள்.

கொழுப்பு, மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பது. பொடியாக நறுக்கிச் சிறு தீயில் உருக்குங்கள். குமிழி வந்துகொண்டிருக்கும்வரை அதில் தண்ணீர் இருக்கிறது. குமிழி அடங்கிய பிறகே வடிகட்ட வேண்டும். பன்றிக்கொழுப்பு வேண்டாம், இளகும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இறைச்சிப் பொடிக்குச் சமமான எடை கொழுப்பு. அளவுக்கரண்டி அல்ல, தராசு. விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஊற்றிப் பிசையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பொடி பொரிந்துவிடும். உதிர்கிறது என்றால் கொழுப்பு குறைவு. சஸ்கட்டூன் பெர்ரி சேர்க்க ஆசைப்பட்டால் கல்லாகக் காயவைத்துப் பொடித்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள்.

அப்படியே கடித்துத் தின்பது எல்லோருக்கும் பிடிக்காது. கொதிநீரில் உதிர்த்துப் போட்டு, மாவு கரைத்து ஊற்றினால் ரூபாபூ என்ற கஞ்சி. இந்தச் சாப்பாட்டுக்காகவே அன்று சண்டை மூண்டது. 1814-இல் செந்நதிக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல் பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டபோது, படகோட்டிகளுக்கு அதையே நம்பியிருந்த நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற தோல் வியாபார நிறுவனத்துக்கும், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபினரான மெட்டி மக்களுக்கும் அது வயிற்றில் அடித்தது போலாயிற்று.

நான் சைவம். முகாமில் எனக்கு ஏதாவது உண்டா?
- டொரொன்டோ வாசகி

படகோட்டிகளின் பக்கம் வாருங்கள், உண்டு. மொன்றியலிலிருந்து மேற்கே துடுப்புப் போட்டவர்களுக்கு ஆளுக்கு ஒருநாள் படி, காரநீரில் தோலுரித்த மக்காச்சோளம் ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர். அதில் ஓரிரு அவுன்ஸ் கொழுப்பு. கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோர்ட் வில்லியத்தில் பண்ணையும் பசுக்களும் இருந்தன, அதனால் வரலாற்றுக்கும் பங்கமில்லை. உலர்ந்த தோலுரித்த சோளத்தை இரவு முழுதும் ஊறவைத்து, மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் வேகவிட வேண்டும். ஊறவைக்காமல் போட்டால் மாலைவரை கொட்டையாகவே கிடக்கும். உலர்பட்டாணிக் கஞ்சியும் அப்படியே, இரண்டு மணி நேரம் போதும். ஒஜிப்வே பழங்குடியினரிடம் வாங்கிய காட்டரிசி இன்னும் எளிது: ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், 45 நிமிடத்தில் மணி வெடித்து உள்ளே வெள்ளை தெரியும். இனிப்புக்கு மேப்பிள் சர்க்கரை.

மலைச் சந்தை முகாமில் மாவும் சர்க்கரையும் ஆடம்பரம். 1826-இல் தோல் வியாபாரி வில்லியம் ஆஷ்லி, அதே தொழிலிலிருந்த ஸ்மித், ஜாக்சன், சப்லெட் மூவரோடு போட்ட ஒப்பந்தத்தில் மாவு பவுண்டு 1 டாலர், சர்க்கரை 1 டாலர், காப்பி 1.25 டாலர், உலர்திராட்சை 1.50 டாலர். பீவர் தோலுக்கே பவுண்டுக்கு 3 டாலர்தான். வேளைக்கு வேளை ரொட்டி சுடும் மலைப் பொறிக்காரர் வேடம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும்.

சிக்கிமுக்கியில் பொறி பறக்கிறது, ஆனால் கரித்துணி பிடிப்பதில்லை.
- சியாட்டில் வாசகர்

துணியை எடுத்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வேக்காடு குறைவு; தொட்டதும் தூளானால் அதிகம்; ஓரத்தில் கட்டியாக உருகியிருந்தால் பாலியெஸ்டர் கலப்பு. நூறு சதவீதப் பருத்தித் துணியைத் துண்டுகளாக்கித் தகரடப்பாவில் தளர்வாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டுத் தழலில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, துளையை அடைத்து, முழுதாக ஆறிய பிறகே திறவுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகும். மூன்றும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் துணி ஈரக்காற்றை இழுத்திருக்கிறது, புதிதாகச் செய்யுங்கள். பொறி கல்லிலிருந்து வருவதில்லை, கல்லின் கூர் சீவிய எஃகுத் துகள்தான் எரிகிறது. ஆகவே கூர் மழுங்கினால் கல்லைக் கொத்திப் புதுப்பியுங்கள், துணியை அந்தக் கூருக்கு மேலே ஒட்டிப் பிடியுங்கள்.

செம்புக் கெண்டி வாங்கலாமா?
- ஒட்டாவா வாசகர்

உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் வாங்கலாம். வெறும் செம்பில் புளிப்பான எதையும் சமைக்கக் கூடாது. அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், காலிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். எனாமல் குவளை பார்க்கப் பழசாகத் தெரிந்தாலும் பீவர் தோல் காலத்துக்குப் பிந்தியது.

இரவு மழையில் கூடாரத்தின் முளைகள் தாமாகப் பிடுங்கிக்கொண்டன. கித்தானும் ஒழுகியது.
- வாசகர், வயோமிங்

சணல், மணிலாக் கயிறு நனைந்தால் நீளம் சுருங்கும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் முளையைப் பிடுங்கும், இல்லையேல் கித்தானைக் கிழிக்கும். வானம் கறுத்தால் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் படுங்கள். புதுக் கித்தானை முகாமுக்கு முன் வீட்டிலேயே கட்டி, இருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே பூஞ்சைக் கறை, அது போகாது.

தரைவிரிப்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். தண்ணீர் நிறைந்த தகரடப்பாவில் போட்டு மூடுங்கள். பூசிய விரிப்பையும் மடிக்காமல் தொங்கவிட்டே உலர்த்த வேண்டும், மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது.

தொப்பியில் கழுகு இறகு வைக்கலாமா?
- போர்ட்லண்ட் வாசகர்

கூடாது. அமெரிக்காவில் கழுகுகளுக்கு 1940-ஆம் ஆண்டுச் சட்டம், வலசைப் பறவைகளுக்கு 1918-ஆம் ஆண்டுச் சட்டம். தரையில் கிடந்ததைப் பொறுக்கி வைத்திருப்பதும் குற்றம். சாயமிட்ட வான்கோழி இறகு வாங்குங்கள்.

நம் நிறத்தவர் இந்த முகாமில் யாராக வேடமிடுவது?
- வான்கூவர் வாசகி

அந்தத் தொழில் வெள்ளையர் மட்டும் செய்ததல்ல. 1811-இல் டொன்குவின் கப்பல் ஹவாய்த் தீவினரைக் கொலம்பியா ஆற்றுக்கு அழைத்து வந்தது. பின்னாளில் ஃபோர்ட் வான்கூவரில் அவர்கள் கணிசமாக வேலை பார்த்தார்கள். கறுப்பின மரபில் வந்த ஜார்ஜ் போங்கா மினசோட்டாப் பகுதியிலும், ஜேம்ஸ் பெக்வர்த் ராக்கி மலையிலும் பெயர் பெற்றவர்கள். படகோட்டியாகவோ பொறிக்காரராகவோ வாருங்கள், யாரும் கேள்வி கேட்க நியாயமில்லை. பழங்குடியினர் வேடமும் அவர்களின் சடங்குப் பொருளும் மட்டும் வேண்டாம். அது அவர்களுக்கு உரியது.

பழைய பாணித் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமா? வெடிமருந்தோடு விமானத்தில் போகலாமா?
- ஹாலிஃபாக்ஸ் வாசகர்

கனடாவில் சிக்கிமுக்கி விசையுள்ள நீள்துப்பாக்கி, புதிதாகச் செய்த நகலாக இருந்தாலும், பழம்பொருள் கணக்கில் வரும். பெர்கஷன் கேப் என்ற சிறு உலோக மூடியை விசை அடித்து வெடிக்கும் நகலுக்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போகும் மாநிலத்தின் விதியைப் பாருங்கள். கருமருந்தைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. கொம்புக் குடுவையையும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். மருந்தைப் போய்ச் சேருமிடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.